குடிக்காமக் கீழ வெச்ச காப்பி

எங்க கேம்ப் வாசல்ல "பெதூயின் பாரம்பரிய விருந்து"ன்னு பெரிய போர்டு நிக்குது. உள்ள வந்து பாத்தா, குழியில கறி வேக வைக்கிறது சிவகங்கைப் பக்கத்து சோலைமுத்து அண்ணன். சாம்பல்ல ரொட்டி சுடுறது கடையநல்லூர் கலீல் ரஹ்மான் பாய். காப்பி ஊத்துறது அருப்புக்கோட்டை பாண்டித்துரை, அதாவது நான். எனக்கு வெள்ளை அங்கியும் தலைக்கட்டும் மாட்டி விட்டிருக்காங்க. ஒருநாள் ஜெர்மனிக்காரம்மா ஒண்ணு என் தோள்ல கையப் போட்டு போட்டோ எடுத்துக்கிட்டு, "உங்க குலம் எவ்வளவு காலமா இந்தப் பாலைவனத்துல இருக்கு?"ன்னு கேட்டுச்சு. சோஹார் துறைமுகத்துல எனக்கு வேலை போனதுலேருந்துன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துருச்சு. சம்பளம் குடுக்கிற மகராசன் பக்கத்துல நிக்கிறாரேன்னு சிரிச்சு வெச்சேன்.

ஒமான்ல மணல் மேடுங்க தொடங்குற எடத்துல இருக்கு கேம்ப். இங்க நெசமான பதூ, அதான் அந்த பெதூயின், ரெண்டே பேருதான். ஒருத்தர் மொதலாளி அம்மார். நாங்க அர்பாப்னு கூப்பிடுவோம். இன்னொருத்தர் அவரோட அப்பா ஹமூத். பெரியவர் மணல்லயே பொறந்து ஒட்டகத்தோடவே வளர்ந்த மனுஷன். மகன் நடத்துற கூத்தைப் பாத்து அவருக்கு ஒரே சிரிப்பு. "குழியில வேகுற இந்த ஷுவாக் கறி எங்களுக்குப் பெருநாளுக்கு மட்டும்தான்டா. மத்த நாள்ல பேரீச்சம்பழம், ஒட்டகப்பால், கெடைச்சா காஞ்ச சுறா. இங்க பாரு, தெனமும் பெருநாள்!"ம்பாரு. அவரு பேசுற அரபி எனக்குப் பாதி புரியும், மீதிய அவரு கையே சொல்லிரும்.

பொழுது சாயுறப்ப கூடாரத்துல ஷோ தொடங்கும். நெருப்புக்குப் பக்கத்துல பெரியவர் உக்காருவாரு. அது வீட்டுக்காரரோட எடம். எதுத்தாப்புல கம்பளத்துல விருந்தாளிங்க. கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பையில ஏலக்காய் போட்ட காப்பி. அம்மார் மைக்கைப் புடிச்சு இங்கிலீஷ்ல விளக்குவாரு. போதும்னா கோப்பைய லேசா ஆட்டிக் குடுக்கணும். ஆட்டலைன்னா ஊத்திக்கிட்டே இருப்பாங்க.

அப்புறம்தான் அவரு குரலைத் தாழ்த்துவாரு. "ஒருத்தன் காப்பிய வாங்கிக் குடிக்காமத் தனக்கு முன்னால கீழ வெச்சான்னா, அவன் ஏதோ கேக்க வந்திருக்கான்னு அர்த்தம். அவனா வாயத் தொறக்க வேண்டியதில்ல. வீட்டுக்காரன்தான் என்ன வேணும்னு கேக்கணும். குடி, நீ வந்த காரியம் ஆச்சுன்னு சொல்லணும். சொன்னா சொன்னதுதான். இந்த ஒரு கோப்பைக்காகப் பகையையே விட்டவங்க எங்க ஆளுங்கள்ல உண்டு"ம்பாரு. கூட்டம் அப்படியே உருகிப் போயிரும். யாராவது ஒருத்தன் ஆசையாக் கோப்பையக் கீழ வெச்சு, எனக்கு ஒரு ஒட்டகம் வேணும்பான். எல்லாரும் கைதட்டிச் சிரிப்பாங்க. பெரியவர் மட்டும் சிரிக்க மாட்டாரு. அந்த ஒரு எடத்துல மட்டும்.

இன்னொரு சமாச்சாரமும் சொல்லிரணும். யாரோ ஒரு புண்ணியவான் காப்பி ஆறிப்போயிருந்துச்சுன்னு நெட்டுல எழுதி வெச்சுட்டான். அதுலேருந்து அம்மார் ஒரு சட்டம் போட்டாரு. யாரு முன்னால கோப்பை ஆறிக் கெடந்தாலும் கேள்வி கேக்காதே, எடு, மணல்ல ஊத்து, சூடா நெறை, சிரி. இத எங்களுக்குச் செஞ்சு காட்டி, செஞ்சு காட்டி அவரே எங்கள விட வேகமாயிட்டாரு. பேச்சும் நிக்காது, கண்ணும் விருந்தாளிய விட்டு நகராது, கை மட்டும் தானா வேலையைப் பாக்கும்.

சோலைமுத்து அண்ணன் பட்ட பாட்டைச் சொல்றேன். ஊர்ல அவரு சம்சாரம் நாகவள்ளி அக்காவுக்குக் கர்ப்பப்பையில கட்டி. ஆபரேஷன் பண்ணியே ஆகணும்னு டாக்டர் சொல்லியாச்சு. ஆனா அந்தக்காவுக்கு உசிரே நடுங்குது. கூடப் பொறந்த அக்கா இதே ஆபரேஷனுக்குப் போயித் திரும்பி வரல. "நீங்க வந்து வாசல்ல நில்லுங்க. உங்க மூஞ்சியப் பாத்துட்டு உள்ள போறேன். இல்லன்னா நான் போகல, ஆமா"ன்னு போன்ல ஒரே பிடிவாதம். வாங்குன தேதிய ஏற்கெனவே தள்ளி வெச்சாச்சு. கட்டியென்ன தேதி பாத்தா வளரும்?

அண்ணன் போயி அம்மார்கிட்ட லீவு கேட்டாரு. அம்மார் கெட்டவரில்ல, அதையும் சொல்லணும். எங்களோட ஒரே தட்டுல கைபோட்டுச் சாப்பிடுற ஆளு. ஆனா குளிர்காலம்தான் எங்களுக்கு சீசன். "இப்ப லீவு மாஃபி, கெடையவே கெடையாது சோலை. ரமலான்ல கேம்பை மூடுவேன்ல, அப்ப போயி நல்லா இருந்துட்டு வா"ன்னுட்டாரு. குழிய நான் பாத்துக்கிறேன்னு கலீல் பாய் நடுவுல வந்தாரு. போன தடவ பாய் குழியப் பாத்ததுல ஆடு எந்திரிச்சு ஓடாத குறைதான், அவ்வளவு பச்சை. அம்மார் அவரத் திரும்பிக்கூடப் பாக்கல.

ஒருநாள் விடியக்காலைல நடந்தது இது. அண்ணன் குழிய மூடியிருந்த மண்ணைத் தள்ளிக்கிட்டிருந்தாரு. தெனம் காலைல குழியோரத்துக்குப் பெரியவரே கெட்டிலத் தூக்கிட்டு வருவாரு. மைக்கும் இல்ல, போட்டோவும் இல்ல, எங்க மூணு பேருக்கு மட்டும் காப்பி. அன்னிக்கு அண்ணன் கோப்பைய வாங்குற நேரம் போன் அடிச்சுது. நாகவள்ளி அக்காதான். மறுபடியும் அதே பேச்சு, நடுவுல அழுகை. போனை வெச்சுட்டு மனுஷன் அப்படியே உக்காந்துட்டாரு. கோப்பைய முன்னால கல்லு மேல வெச்சாரு. குடிக்கல.

பெரியவர் அந்தக் கோப்பையவே பாத்துக்கிட்டிருந்தாரு. ஆவி அடங்குற வரைக்கும் பாத்தாரு. அப்புறம் நிமிந்து உக்காந்து, "என்ன வேணும் உனக்கு?"ன்னாரு. நான் தமிழ்ல சொன்னேன்.

"ஒண்ணும் வேணாம்னு சொல்லு தம்பி. தொண்டையில எறங்கல, அவ்வளவுதான்"னாரு அண்ணன்.

"அண்ணே, கோப்பையக் கீழ வெச்சுட்டியே. அதான் கேக்குறாரு."

"அட, அது ஷோவுக்குப் பண்றதில்லையா?"

இத நான் எந்த வாயால அரபியில சொல்ல? அவரு பொண்டாட்டிக்கு ஆபரேஷன், ஊருக்குப் போகணும், லீவு கெடைக்கல, அவ்வளவுதான் சொன்னேன். பெரியவர் கேட்டுக்கிட்டாரு. "குடிக்கச் சொல்லு. அவன் வந்த காரியம் ஆச்சு"ன்னாரு. எத்தனை சாயங்காலம் இந்தப் பேச்ச மைக்குல கேட்டிருக்கேன். அன்னிக்குத்தான் எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. அண்ணன் அந்த ஆறின காப்பிய ஒரு சொட்டு விடாமக் குடிச்சாரு. குடிச்ச கையோட போனைப் போட்டு, "புள்ள, நான் வர்றேன். வியாழக்கிழமைக்கே தேதி வாங்கிரு"ன்னாரு. அக்கா அன்னிக்கே வாங்கிருச்சு.

பெரியவர் மகன்கிட்டச் சொன்னாரு. அம்மாருக்குச் சிரிப்பு வந்துருச்சு. "பாபா, அவன் இந்தியாக்காரன். அவனுக்கு நம்ம வழக்கம் என்ன தெரியும்? காப்பி புடிக்கல, கீழ வெச்சிருப்பான்."

"அவனுக்குத் தெரியாட்டிப் போகுது. எனக்குத் தெரியும்ல. என் வாயிலேருந்து வந்துருச்சு."

"இன்ஷா அல்லா பாபா, பாக்கலாம். புதன்கிழமை பெரிய குரூப் வருது, வீடியோ எடுக்கிறவங்களும் வர்றாங்க. அவங்க போகட்டும்."

இன்ஷா அல்லான்னா கடவுள் நாடினா நடக்கும்னு அர்த்தம். நம்ம அர்பாப் வாயில அதுக்குப் பொருள், ஆள விடுங்க சாமி. பெரியவர் மறுநாளும் கேட்டாரு, அதுக்கு அடுத்த நாளும் கேட்டாரு. ஒவ்வொரு தடவையும் அதே இன்ஷா அல்லா. அண்ணன் பேகைக் கட்டிக் கட்டிலுக்கு அடியில வெச்சுட்டு, குழிக்கும் ரூமுக்குமா நடந்துக்கிட்டிருந்தாரு. புதன்கிழமை சாயங்காலம் கெளம்புனாக்கூடப் போதும், மஸ்கட்ல ராத்திரி விமானத்தப் புடிச்சுக் காலைல ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுரலாம். டிக்கெட் போடுறதா பெரிய வேலை? போன்ல நாலு அமுக்கு.

அந்தப் புதன்கிழமை கூடாரம் நெறைஞ்சு போச்சு. எங்க பாத்தாலும் போன், கேமரா. பெரியவர் வந்தாரு. வழக்கமான எடத்துக்குப் போகல. நெருப்பத் தாண்டி எதுத்தாப்புல போயி, விருந்தாளிங்க நடுவுல கம்பளத்துல உக்காந்தாரு. நல்ல அங்கி, புதுத் தலைக்கட்டு, இடுப்புல கத்தி. பெருநாளுக்குக் கெளம்புற மாதிரி வந்திருந்தாரு.

அம்மாருக்கு ஒரே குஷி. "பாருங்க, இன்னிக்கு எங்கப்பாவே எனக்கு விருந்தாளி!"ன்னு மைக்குல சொல்லிட்டு, அவரே வீட்டுக்காரர் எடத்துல உக்காந்துக்கிட்டாரு. கூட்டம் கைதட்டுச்சு. மொதக் கோப்பைய அவர் கையாலேயே அப்பனுக்கு ஊத்திக் குடுத்தாரு. பெரியவர் வலது கையால வாங்குனாரு. வாங்கித் தனக்கு முன்னால கீழ வெச்சாரு. கைய மடியில வெச்சுக்கிட்டு மகன் மூஞ்சியையே பாத்தாரு.

அடப்பாவி மனுஷா, பெத்த மகன்கிட்ட விருந்தாளியா வந்து உக்காந்து கேக்குறியே! இந்த ஊருக்கு வந்த இத்தனை வருஷத்துல நான் பாத்த பெரிய விஷயம் அதுதான். அதுவும் யாருக்காக? குழி தோண்டுற ஒரு சிவகங்கைக்காரனுக்காக.

அம்மார் பேசிக்கிட்டே இருந்தாரு. கோப்பைய ஆட்டுறது, வலது கை, ஏலக்காய், எல்லாம் வந்துச்சு. நான் கெட்டிலோட பின்னால போயி அவர் கைய லேசா இழுத்து, "அர்பாப், பாபாவோட காப்பி"ன்னேன். "ரெண்டு நிமிஷம், பாண்டி"ன்னுட்டாரு. அப்புறம் குரலைத் தாழ்த்தி அந்தக் கதைக்கு வந்தாரு. ஒருத்தன் காப்பிய வாங்கிக் குடிக்காமக் கீழ வெச்சான்னா, அவன் ஏதோ கேக்க வந்திருக்கான்னு அர்த்தம். சரி, இப்பப் பாத்துருவாரு, இப்பப் பாத்துருவாருன்னு நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறேன். பாக்கத்தான் செஞ்சாரு. கோப்பை நெறைஞ்சபடி ஆறிக் கெடக்குறதப் பாத்தாரு. வாய் பேச்ச நிறுத்தல. கை மட்டும் போச்சு. கோப்பைய எடுத்துச்சு, மணல்ல ஊத்துச்சு, சூடா நெறைச்சுது, அப்பன் முன்னால வெச்சுது. மூஞ்சியில அதே சிரிப்பு. கண்ணு கேமராவுல.

பெரியவர் மணல்ல காப்பி ஊறுறதப் பாத்துக்கிட்டிருந்தாரு. அப்புறம் எந்திரிச்சாரு. யாரையும் திட்டல, கோப்பையத் தட்டி விடல. என்னைத் தாண்டிப் போறப்ப, "சோலைகிட்டச் சொல்லிரு, நான் கேட்டுட்டேன்னு"ன்னாரு. வெளிய அவரோட பழைய பிக்கப் கெளம்புற சத்தம் கேட்டுச்சு. அப்பாவுக்கு அசதின்னு அம்மார் மைக்குல சொன்னாரு. பாவம்னு சத்தம் போட்டுச்சு கூட்டம்.

நான் குழிக்குப் போனேன். அண்ணன் கறிய வெளிய எடுத்துத் தட்டுல அடுக்கிக்கிட்டிருந்தாரு. புதுச் சட்டை போட்டுத் தலைவாரியிருந்தாரு. ஆவியில அந்தச் சட்டை நனைஞ்சு போயிருந்துச்சு.

"பெரியவர் கேட்டாரா தம்பி?"

"கேட்டாரு அண்ணே."

"அர்பாப் என்ன சொன்னாரு?"

"அவருக்குத் தெரியவே இல்ல அண்ணே."

அண்ணன் தட்டைத் தூக்கித் தோள்ல வெச்சுக்கிட்டு விருந்தாளிங்களுக்குப் பரிமாறப் போனாரு.

மறுநாள் காலைல, பாபா எங்கன்னு அம்மார் கேட்டாரு. எனக்கு வந்துச்சே ஆத்திரம்! வேலை போனாப் போகுதுன்னு, தெரிஞ்ச அரபி, இந்தி, இங்கிலீஷ் எல்லாத்தையும் சேத்துக் கொட்டுனேன். "ஊருக்கெல்லாம் அந்தக் கோப்பைக் கதையச் சொல்றீங்களே, உங்கப்பா வெச்ச கோப்பை உங்க கண்ணுக்குத் தெரியலையா?"ன்னேன். அவரு நம்பல. போனை எடுத்தாரு. ராத்திரியே எவனோ வீடியோவப் போட்டிருந்தான், ஏகப்பட்ட பேரு பாத்திருந்தாங்க. அதுல அம்மார் குரல் அந்த வழக்கத்தச் சொல்லுது. அம்மார் கை அப்பனோட காப்பிய மணல்ல ஊத்துது. ரெண்டும் ஒரே நேரத்துல. அவரு அதத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்தாரு. அப்படியே மணல்ல உக்காந்துட்டாரு. "யா பாண்டி, நான் பாத்தேனே. நான் பாத்தேனே. ஆறிப்போச்சுன்னு மட்டும்தான் பாத்தேன்"னாரு. திட்டணும்னு வெச்சிருந்த மீதிய விட்டுட்டு நானும் பக்கத்துல உக்காந்தேன்.

மத்தியானத்துக்குள்ள டிக்கெட் வந்துருச்சு. அவரே வண்டிய எடுத்து அண்ணனை ஏர்போர்ட்ல விட்டுட்டு வந்தாரு. ஆனா அன்னிக்குத்தான் வியாழக்கிழமை. காலைலயே நாகவள்ளி அக்கா தானே கையெழுத்தப் போட்டுட்டு உள்ள போயிருச்சு.

அக்கா பொழைச்சுக்கிச்சு, சாமி புண்ணியத்துல. அண்ணன் லீவு முடிஞ்சு திரும்பி வந்தாரு. குழியோரத்துல உக்காந்து கேட்டேன், எப்படி இருக்காங்கன்னு.

"நல்லா இருக்கா. சோறு போட்டா, சட்டை தொவைச்சுப் போட்டா. குத்திக் காட்டி ஒரு வார்த்தை பேசல. அவ தம்பிதான் சொன்னான். தள்ளிட்டுப் போறப்ப வாசலையே திரும்பித் திரும்பிப் பாத்தாளாம். யாரத் தேடுறீங்கன்னு நர்ஸ் கேட்டுச்சாம். யாரையும் இல்லைன்னாளாம்." அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கிட்டாரு. "கெளம்புறப்பக் கேட்டேன் தம்பி, அடுத்த தடவ உனக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்னு. ஒண்ணும் வேணாம்னுட்டா. ஒவ்வொரு தடவையும் செண்டு, மிட்டாய், அது இதுன்னு எவ்வளவு கேப்பா தெரியுமா?"

திட்டியிருந்தாக்கூடத் தேவலை அண்ணேன்னேன். ஆமாடா தம்பின்னாரு.

பெரியவர் அந்தப் புதன்கிழமைக்கப்புறம் கேம்புப் பக்கமே வரல. பாலைவனத்துக்கு உள்ளாற ஒட்டகம் கெடக்குற எடத்துலதான் இருந்தாரு. அம்மார் போயிப் போயிப் பாத்துட்டு வருவாரு, மூஞ்சி தொங்கிப் போயிருக்கும். அண்ணன் வந்த ரெண்டாம் நாள் எங்க ரெண்டு பேரையும் வண்டியில ஏத்திக்கிட்டாரு. பெரியவருக்குன்னு அண்ணன் ஊர்லேருந்து ஒரு சிப்பம் கருப்பட்டி கொண்டு வந்திருந்தாரு.

பெரியவர் எங்களப் பாத்ததும் எந்திரிச்சு நின்னாரு. அண்ணன் கையப் புடிச்சு, "உன் வீட்டுக்காரி?"ன்னாரு. நல்லா இருக்கான்னு நான் சொன்னேன். "நீ நேரத்துக்குப் போனியா?"ன்னாரு. அண்ணனுக்கு அந்த அளவுக்கு அரபி புரியும். தலைய ஆட்டுனாரு, இல்லைன்னு. பெரியவர் அவரு கைய விடாம அப்படியே நின்னாரு. பெரியவர் கண்ணுல தண்ணி நின்னத நான் அன்னிக்குத்தான் பாத்தேன்.

பாயை விரிச்சு உக்கார வெச்சாரு. கருப்பட்டிய ஒடைச்சு எல்லாருக்கும் குடுத்தாரு. காப்பி போட்டு அண்ணனுக்கு மொதல்ல ஊத்துனாரு, அப்புறம் எனக்கு, கடைசியா மகனுக்கு.

அம்மார் கோப்பைய வாங்குனாரு. குடிக்கல. தனக்கு முன்னால மணல்ல வெச்சாரு. கைய மடியில வெச்சுக்கிட்டு, தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. மைக்குல அவ்வளவு பேசுற மனுஷன் வாயே தொறக்கல. வந்துருங்க பாபா, என்னை மன்னிச்சுருங்கன்னு கேக்குறாருன்னு எங்க ரெண்டு பேருக்கும் புரிஞ்சுது. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. பெரியவர் என்ன வேணும்னு கேக்கணும், கேட்டுருவாரு, எல்லாம் சரியாயிரும்னு நெனைச்சேன். காப்பியில ஆவி அடங்குற வரைக்கும் யாரும் அசையல.

பெரியவர் கைய நீட்டி அந்தக் கோப்பைய எடுத்தாரு. மணல்ல ஊத்துனாரு. கெட்டிலச் சாச்சுச் சூடா நெறைச்சு மகன் கையில குடுத்தாரு.

"ஆறிப்போச்சு. சூடாக் குடி"ன்னாரு.

அம்மார் குடிச்சாரு. குடிச்சு முடிச்சு, போதும்னு கோப்பைய லேசா ஆட்டிக் குடுத்தாரு.